வீடியோ காலில் பார்த்தே குழந்தையின் வளர்ச்சிக் குறைபாட்டைச் சொல்லிவிட முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிபுணர்கள் யாரும் பக்கத்தில் இல்லாத ஒரு கிராமம். இரண்டு வயது தாண்டிய குழந்தை இன்னும் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. பெரிய மருத்துவமனையில் நேரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். மற்றவர்களோடு பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கும் ஆட்டிசமா இல்லையா என்று வீடியோ காலிலேயே பார்த்துச் சொல்லிவிடலாம் என்கிறார் ஒருவர். அதை நம்பலாமா? மற்ற வளர்ச்சிக் குறைபாடுகளையும் இப்படிக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் வீடியோவில் கிடைக்கும் ‘ஆமாம்’ என்ற பதிலுக்கும் ‘இல்லை’ என்ற பதிலுக்கும் ஒரே எடை கிடையாது. அறிகுறிகள் தெளிவாக உள்ள சின்னக் குழந்தையை, இதில் பழகிய நிபுணர் பார்த்து ‘ஆமாம், இது ஆட்டிசம்தான்’ என்றால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளலாம். ‘ஒன்றும் இல்லை, கவலைப்படாதீர்கள்’ என்று சொன்னால் நான் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன். இன்னொன்று, திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிபுணர் எவ்வளவு பெரியவர் என்று பார்ப்பதற்கு முன்னால், இந்தப் பக்கம் குழந்தையின் அருகில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பாதி வேலையைச் செய்யப்போவது அவர்தான்.

ஆட்டிசத்திலிருந்து தொடங்குவோம். அதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. குழந்தை எப்படி விளையாடுகிறது, யாரை எப்போது பார்க்கிறது, வேண்டியதை எப்படிக் கேட்கிறது என்று கவனித்தும் பெற்றோரிடம் விசாரித்தும்தான் முடிவுக்கு வருகிறார்கள். கண்ணால் பார்த்துச் செய்யும் வேலை என்பதால் கேமராவுக்கு ஒத்துவரும். இருந்தாலும் நீண்ட காலம் பலர் தயங்கினார்கள். இந்தத் துறையில் அளவுகோலாக மதிக்கப்படும் ஏடாஸ் என்ற பரிசோதனையைப் பயிற்சி பெற்றவர் குழந்தையோடு ஒரே அறையில் உட்கார்ந்து, அதற்கென்றே உள்ள பொம்மைகளை வைத்துத்தான் செய்ய வேண்டும். 2020இல் கொரோனா வந்து எல்லோரும் முகக்கவசம் போட்டபோது அந்தப் பரிசோதனையே தடுமாறியது. பாதி முகம் மறைந்துவிட்டால், சிரிப்புக்குச் சிரிப்பு வருகிறதா என்று எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது?

அப்போது பலருக்கும் கைகொடுத்தது டெலி-ஏஎஸ்டி-பெட்ஸ் என்ற கருவி. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையத்தார் உருவாக்கியது. கொரோனாவுக்கு முன்பே இந்த வேலையில் இறங்கியிருந்தார்கள். ஏற்கெனவே மதிப்பீடு செய்யப்பட்ட குழந்தைகளின் பதிவுகளைக் கணினி வழியாக அலசி, ஆட்டிசத்தை நன்றாகப் பிரித்துக் காட்டும் நடத்தைகளைப் பொறுக்கியெடுத்து, ஏழு அம்சங்களாகச் சுருக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டிப் பார்த்து 11 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசத்துக்கான வாய்ப்பு அதிகம். 14 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது இது. இதில் குழந்தையோடு விளையாடிப் பார்ப்பது மருத்துவர் அல்ல, அம்மாவோ அப்பாவோதான். நிபுணர் சொல்லச் சொல்ல அவர்கள் செய்வார்கள்.

எப்படி நடக்கும் என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். போனைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் சாய்த்து வைத்தாயிற்று. பின்பக்கக் கேமரா குழந்தையைப் பார்க்கிறது, திரை சுவரைப் பார்க்கிறது. திரை தெரிந்தால் குழந்தை அதை விட்டு நகராது. அம்மாவின் ஒரு காதில் இயர்போன். முதலில் சில நிமிடம் சும்மா விளையாடவிடச் சொல்கிறார் நிபுணர். குழந்தை பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தை விரலால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ‘இப்போது பின்னாலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், தொட வேண்டாம்.’ கூப்பிடுகிறார், பதில் இல்லை. இன்னொரு தடவை. இல்லை. மூன்றாவது தடவை கூப்பிடும்போது அம்மா தன்னையறியாமல் கையைத் தட்டிவிட, குழந்தை திரும்புகிறது. பெயருக்குத் திரும்பியதாக அதைக் கணக்கில் எடுக்க முடியாது. ஆனால் சத்தத்துக்குத் திரும்பியது என்று நிபுணர் ஓரமாகக் குறித்துக்கொள்வார்.

அப்புறம் சோப்புக் குமிழி. அம்மா ஊதுகிறார், குழந்தை துள்ளுகிறது. ‘இப்போது பாட்டிலை மூடிவிட்டுச் சும்மா இருங்கள். எதுவும் பேச வேண்டாம்.’ இந்த அரை நிமிடம்தான் முழுப் பரிசோதனையின் உயிர். இன்னும் வேண்டும் என்று குழந்தை அம்மாவின் கண்ணைப் பார்த்து, பாட்டிலைக் கையால் காட்டி, ஏதாவது சத்தம் கொடுக்கிறதா? அல்லது முகத்தையே பார்க்காமல் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் பாட்டிலின் மேல் வைக்கிறதா? பேச்சு தாமதமான பல குழந்தைகள் முதல் விதமாகத்தான் கேட்கும். வார்த்தை இல்லாவிட்டாலும் பார்வையும் கையும் சேர்ந்து வேலை செய்யும். இரண்டாவது விதம் அடிக்கடி தென்பட்டால்தான் நிபுணரின் கவனம் கூர்மையாகும். எல்லாம் சேர்த்து 15, 20 நிமிடம். அதன்பிறகு பெற்றோரிடம் கேட்பதுதான் அதிக நேரம் எடுக்கும்.

சிக்னல் மோசமாக இருந்தால் என்ன ஆவது என்று பலர் கேட்கிறார்கள். தாமதம் நினைப்பதுபோல் அவ்வளவு கெடுக்காது. அம்மா கூப்பிடுவதும் குழந்தை திரும்புவதும் ஒரே வீடியோவில் ஒரே அளவு தாமதமாகத்தான் வந்து சேரும், அதனால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறாது. நிபுணரே திரையிலிருந்து கூப்பிட்டால்தான் கணக்குத் தப்பும். உண்மையில் கெடுப்பது மங்கலான படம். கேமராவுக்கு நேர் எதிரே ஜன்னல் இருந்தால் குழந்தையின் முகம் நிழலாகிவிடும், பார்வை எங்கே போகிறது என்றே தெரியாது. வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழும்படி உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சரி, ‘இல்லை’ என்ற பதிலை ஏன் நம்பத் தயங்குகிறேன்? சொந்த வீட்டில், பழகிய பொம்மையோடு, அம்மாவின் அருகில் ஒரு குழந்தை மிகவும் இயல்பாக இருக்கும். அது நல்லதுதான். ஆனால் குழந்தைக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே தெரிந்துகொண்டு எடுத்துக் கொடுத்துப் பழகியவர் அம்மா. அந்தப் பழக்கமே குறையை மறைத்துவிடும். அந்நியர் ஒருவரோடு, அல்லது சக வயதுக் குழந்தைகளோடு விட்டால் மட்டும் வெளிவரும் சிக்கல்கள் 20 நிமிட வீடியோவில் தலைகாட்டாமலே போகலாம். நன்றாகப் பேசும் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளிடமும், மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடந்துகொள்ளப் பழகிய பெண் குழந்தைகளிடமும் இது இன்னும் அதிகம். ஒரு அறிகுறி தெரிந்தால் அது இருக்கிறது என்று சொல்லலாம். தெரியாமல் போனால், இல்லாததால் தெரியவில்லையா, கேமராவில் விழாததால் தெரியவில்லையா என்று பிரிக்க முடியாது.

அதனால் நல்ல நிபுணர் மூன்றாவதாக ஒரு பதிலையும் கையில் வைத்திருப்பார்: ‘வீடியோவில் தீர்மானிக்க முடியவில்லை, நேரில் பார்க்க வேண்டும்.’ இந்தப் பதிலை யாருக்குமே சொல்லாத சேவை எதுவாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் கான்வாஸ் டிஎக்ஸ் என்ற மென்பொருளுக்கு அனுமதி கொடுத்தது. 18 மாதம் முதல் 72 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு ஆட்டிசத்தைக் கண்டறிய மருத்துவருக்கு உதவுவது. பெற்றோர் பதில்கள், வீட்டு வீடியோக்கள், மருத்துவரின் பதில்கள் மூன்றையும் சேர்த்து அது முடிவு சொல்லும். அனுமதிக்காக நடந்த ஆய்வில் 425 குழந்தைகள் இருந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் அது ஆம் அல்லது இல்லை என்றது, மற்றவர்களுக்குத் ‘தீர்மானிக்க இயலவில்லை’. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதன் நேர்மை பிடித்திருக்கிறது.

நேரலையே வேண்டாம், பதிவு செய்து அனுப்பினால் போதும் என்ற வழியும் இருக்கிறது. சிக்னல் மோசமான ஊர்களுக்கு இதுதான் பல நேரம் மேல். அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்து வந்த நோடா என்ற முறையில், பெற்றோர் நான்கு சூழல்களைப் பதிவு செய்கிறார்கள்: குடும்பம் சாப்பிடும் நேரம், மற்றவர்களோடு விளையாடுவது, தனியாக விளையாடுவது, பெற்றோருக்குக் கவலை தரும் நடத்தை. ஒவ்வொன்றும் அதிகம் போனால் 10 நிமிடம். கடைசிச் சூழலை நான் பெரிதாக மதிக்கிறேன். மருத்துவமனையில் ‘அங்கே மட்டும் ஒழுங்காக இருக்கிறான், வீட்டில் வந்து பாருங்கள்’ என்று பெற்றோர் புலம்புவது வழக்கம். வீட்டில் நடப்பதை இதில் அப்படியே காட்டிவிடலாம்.

பதிவு செய்த வீடியோ உண்மையிலேயே சாதித்திருப்பது ஆட்டிசத்தில் அல்ல, மூளை பாதிப்பால் உடல் அசைவு சிக்கலாகும் செரிப்ரல் பால்ஸியில். கைக்குழந்தை மல்லாந்து படுத்துக் கை கால் ஆட்டுவதை வெறுமனே பார்த்து மூளையின் நிலையைக் கணிக்கும் ஒரு முறையை ஹைன்ஸ் பிரெக்ட்ல் என்ற மருத்துவரும் அவர் வழி வந்தவர்களும் வளர்த்தெடுத்தார்கள். மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் ஆரோக்கியமான குழந்தையின் கழுத்து, உடம்பு, கை, கால் எல்லாவற்றிலும் சின்னச் சின்ன வட்டமான அசைவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். அவை இல்லாமல் போனால் பெரிய எச்சரிக்கை. முன்பெல்லாம் செரிப்ரல் பால்ஸி என்று உறுதியாகச் சொல்ல ஒரு வயது, இரண்டு வயது ஆகிவிடும். இந்த அசைவுப் பரிசோதனையோடு எம்ஆர்ஐ ஸ்கேனையும் நரம்பியல் பரிசோதனையையும் சேர்த்தால் 5 மாதத்துக்கு முன்பே சொல்லிவிடலாம் என்று 2017இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தது. பெற்றோர் போனிலேயே எடுத்து அனுப்புவதற்காக ஆஸ்திரேலியாவில் பேபி மூவ்ஸ் என்ற செயலியும் வந்தது.

எடுப்பது எளிது, தப்பாக எடுப்பது அதைவிட எளிது. குழந்தை முழித்திருக்க வேண்டும், அழக்கூடாது. வாயில் ரப்பர் சூப்பி கூடாது, கண்முன் கிலுகிலுப்பை ஆட்டக் கூடாது, யாரும் கொஞ்சக் கூடாது. கையும் காலும் தெரியும்படி மெல்லிய உடை, முழு உடம்பும் திரைக்குள் தெரியும்படி, கேமரா அசையாமல். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, பிரசவத்துக்குக் குறித்த நாளிலிருந்து எண்ண வேண்டும். 32 வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முந்திவிட்டது. அதற்கு 12 வாரத்து வீடியோ எடுக்க வேண்டுமென்றால் பிறந்து 20 வாரம் ஆகியிருக்க வேண்டும். இந்தக் கணக்கில் தவறினால் நல்ல குழந்தையும் குறையுள்ளதாகத் தெரியும்.

இனி, வீடியோ தோற்கும் இடங்கள். முதலில் காது. கேள்வியில் உள்ள குழந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள்: பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. காது கேளாத குழந்தையும் இதையேதான் செய்யும். கைதட்டலுக்குத் திரும்பினால் காது முழுக்க நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, தாழ்ந்த ஒலிகள் மட்டும் கேட்டு உயர்ந்த ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். பிறந்தவுடன் செய்த பரிசோதனையில் தேறிய காதும் பிறகு மந்தமாகலாம். அதனால் ஓஏஇ, பெரா போன்ற கருவி வைத்துச் செய்யும் பரிசோதனை கட்டாயம் வேண்டும். காதைச் சோதிக்கச் சொல்லாமல் வீடியோவை மட்டும் வைத்து யாராவது ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தால், மரியாதையாக வாங்கிக்கொண்டு காதுப் பரிசோதனைக்குப் போங்கள்.

அடுத்தது, தொட்டுப் பார்க்க வேண்டியவை. தசை இறுக்கமா தளர்வா என்பது கையால் பிடித்தால்தான் தெரியும். தலையின் சுற்றளவை நாடா வைத்து அளக்க வேண்டும். தோலில் வெளிறிய இலை வடிவப் புள்ளிகள் இருந்தால் டியூபரஸ் ஸ்க்லெரோசிஸ் என்ற மரபணு நோயை யோசிக்க வேண்டும், வெளிர் நிறக் குழந்தையிடம் அந்தப் புள்ளி சாதாரண வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. டவுன் சிண்ட்ரோம், ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறு, தைராய்டு குறைவு எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தாக வேண்டும்.

குழந்தையின் அருகில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். வீட்டிலிருந்தே அழைப்பதைவிட, அருகில் உள்ள ஆரம்ப சுகாதார மையத்துக்குப் போய், ஒரு செவிலியரோ உள்ளூர் மருத்துவரோ பக்கத்தில் இருக்க நிபுணரை அழைப்பது பல மடங்கு மேல். நாடா பிடித்து அளக்கவும், ரத்தம் எடுக்கவும், காலைப் பிடித்துத் தசையைப் பார்க்கவும் அங்கே ஒரு ஜோடி கை இருக்கும். நிபுணர் ‘பையனைத் தரையில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொல்லுங்கள்’ என்பார். பையன் தன் தொடைகளிலேயே கையை ஊன்றி ஊன்றி ஏறி நிற்கிறான் என்றால் அது தசைச் சிதைவு நோயாக இருக்கலாம், சிபிகே என்ற ரத்தப் பரிசோதனையை அன்றே எடுத்துவிடலாம். நடை தாமதம், பேச்சுத் தாமதம் என்று மட்டும் எழுதப்பட்டுப் போகும் சில பையன்களுக்கு உண்மையில் இருப்பது இதுதான்.

அறிவுத்திறன் குறைபாட்டைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அன்றாட வாழ்க்கைத் திறனைப் பெற்றோரிடம் கேட்டு அளக்கும் வைன்லேண்ட் போன்ற நேர்காணல்கள் போனிலேயே நன்றாக நடக்கும். தானே சாப்பிடுகிறானா, உடை மாற்றுகிறானா, ஆபத்து தெரிகிறதா என்பதைச் சொல்ல நேரில் வரத் தேவையில்லை. ஆனால் குழந்தை கையால் கட்டை அடுக்கிச் செய்ய வேண்டிய அறிவுத்திறன் சோதனையை, பயிற்சி பெற்ற உதவியாளர் அருகில் இல்லாமல் வீடியோவில் நடத்தி வரும் எண்ணை நான் நம்ப மாட்டேன். ஐந்து வயதுக்குள் அந்த எண்ணுக்கு அவசரமும் இல்லை. கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் ஏடிஎச்டி என்ற குறைபாட்டுக்கு, வீட்டிலும் பள்ளியிலும் நிரப்பும் கேள்வித்தாள்தான் பெரும் பங்கு வகிக்கிறது. ஆசிரியரையும் பத்து நிமிடம் அழைப்பில் சேர்த்துக்கொண்டால் தெளிவு கிடைக்கும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் வீடியோ நேரத்துக்காகக் காத்திருக்கவே கூடாது. வந்த பேச்சோ நடையோ திரும்பப் போய்விட்டால் ஒன்று. கைக்குழந்தை, குறிப்பாகத் தூங்கி எழும்போது, திடீரென்று குனிந்து மடங்கிக் கைகளை விரித்து, சில நொடி விட்டு மறுபடி மறுபடி அப்படியே செய்தால் இன்னொன்று. இந்த இரண்டாவது ஒருவகை வலிப்பு. வயிற்று வலி என்று நினைத்து நாட்களைக் கடத்துகிறார்கள், ஆனால் சிகிச்சை தள்ளிப்போகப் போக மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். போனில் ஒரு வீடியோ எடுங்கள், எடுத்தவுடன் அதோடு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கிராமங்களுக்கு நீண்ட நாள் பயன் தருவது எது என்று என்னைக் கேட்டால், நிபுணர் குழந்தையைப் பார்ப்பதைவிட, நிபுணர் உள்ளூர் மருத்துவருக்குக் கற்றுக்கொடுப்பதுதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர் 2003இல் எக்கோ திட்டத்தைத் தொடங்கினார். அது ஹெப்படைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கானது. கிராமத்து மருத்துவர்கள் வாரந்தோறும் வீடியோவில் கூடித் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேச, நிபுணர் குழு வழிகாட்டியது. அவர்கள் அளித்த சிகிச்சையின் பலன் பல்கலைக்கழக மருத்துவமனைக்குச் சமமாக இருந்தது என்று 2011இல் முடிவுகள் வெளியாயின. மிசோரி பல்கலைக்கழகத்தில் இதே முறையை ஆட்டிசத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதன் ஒரு பகுதியாக, ஸ்டாட் என்ற 20 நிமிடப் பரிசோதனையைப் பொது மருத்துவர்களுக்கே கற்றுக்கொடுத்தார்கள். தெளிவான குழந்தைகளை அவர்களே கண்டறிந்துவிடுவார்கள், சிக்கலான குழந்தைகள் மட்டும் நிபுணரிடம் போவார்கள். வரிசை குறைவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பரிசோதனை செய்த அதே மருத்துவர் அடுத்த வருடமும் அந்த ஊரிலேயே இருப்பார் என்பது கூடுதல் லாபம்.

முடிவைச் சொல்லும் விதத்திலும் வீடியோவுக்குச் சில தொல்லைகள் உண்டு. ‘ஆட்டிசம்’ என்ற சொல்லைச் சொன்ன அடுத்த நொடி லைன் அறுந்துபோனால் அந்தக் குடும்பத்தின் நிலையை யோசியுங்கள். அதனால் அறுந்தால் எந்த எண்ணில் யார் திரும்ப அழைப்பது என்று முன்னாலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அம்மா தனியாக இருக்கும்போது கேட்க வேண்டாம், வீட்டில் முடிவெடுக்கும் இன்னொருவரும் கூட இருக்கட்டும். சில நாள் கழித்து இரண்டாவது அழைப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், முதல் நாள் சொன்னதில் பாதி காதில் ஏறியிருக்காது. எழுத்தில் அறிக்கையும் கேளுங்கள். ஊனச் சான்றிதழுக்கு வீடியோ மதிப்பீட்டை ஏற்பார்களா, நேரில் வரச் சொல்வார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும், அதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள். வீடியோக்களைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். மருத்துவர் யாரோடு பகிர்வார், எத்தனை நாள் வைத்திருப்பார் என்று கேட்பதில் தப்பே இல்லை.

இந்தக் குழந்தைக்கு இப்போது என்ன செய்யலாம்? காதுப் பரிசோதனைக்கு இன்றே நேரம் வாங்குங்கள், அதற்கு ஆட்டிச நிபுணர் தேவையில்லை. 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிச அறிகுறிகளைத் தேடும் எம்-சாட் கேள்வித்தாள் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. 20 கேள்விகள், ஆம் அல்லது இல்லை. 0 முதல் 2 வரை வந்தால் ஆபத்து குறைவு. 3 முதல் 7 வரை என்றால் கூடுதலாக விசாரித்து மறுபடி மதிப்பிட வேண்டும், 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். இது வடிகட்ட மட்டும்தான், நோயின் பெயரைச் சொல்லாது. ஆனால் அந்தத் தாளோடு உள்ளூர் மருத்துவரைப் பார்த்தால் அவருக்கும் பேச ஒரு பிடி கிடைக்கும். வீடியோ நேரம் கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய மருத்துவமனை வரிசையிலிருந்து பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

தெரபிக்குக் குறைபாட்டின் பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பேச்சு வரவில்லை என்பது ஒன்றே ஸ்பீச் தெரபி தொடங்கப் போதுமான காரணம். பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்து வீட்டிலேயே செய்யவைக்கும் பயிற்சி வீடியோவில் நன்றாகவே நடக்கிறது. குமிழி ஊதிவிட்டுக் காத்திருக்கும் அந்த அரை நிமிடமே பயிற்சியாகவும் பயன்படும்: குழந்தை பார்த்தாலோ, கை நீட்டினாலோ, சத்தம் கொடுத்தாலோ உடனே அடுத்த குமிழி. தொடங்கும் நாளில் ஐந்து நிமிட வீடியோ ஒன்று எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து நிபுணர் யாராக இருந்தாலும், முதலில் கேட்கப்போவது அதைத்தான்.